சாமிக்கு மாறுதல், நமக்கு பெட்டிஷனா?

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவகோட்டை பக்கத்துல ஒரு கிராமத்துலருந்து எழுதுறேன். எங்க பங்கு சாமிக்கு, அதான் எங்க சர்ச் ஃபாதருக்கு, மாறுதல் வந்துருச்சு, அஞ்சு வருசம் இருந்தாரு. போன ஞாயித்துக்கிழமை பிரியாவிடை வச்சாக. ஆளாளுக்கு மைக்கைப் பிடிச்சு மூணு மணி நேரம் பேசுனாக, ஆனா சாமி எந்திரிச்சு அஞ்சே நிமிசம், "யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா மன்னிச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. ஊரெல்லாம் வசூல் பண்ணி ரெண்டு பவுன் செயின் போட்டா, அதைக் கழட்டி மாதா சுரூபத்துக்கிட்ட வச்சுட்டாரு, குடுத்தவுகளுக்கு மனத்தாங்கல். இப்ப அன்பியத்துல, அதான் அக்கம்பக்கத்து வீட்டுக்காரவுக சேந்து ஜெபிக்கிற குழுவுல, ஆயருக்கு (பிஷப்புக்கு) பெட்டிஷன்னு கையெழுத்து வாங்குறாக. சருகணியில லெவே சாமி சாகுற வரைக்கும் இருந்தாருல்ல, எங்க சாமியை மட்டும் ஏன் தூக்கணும்? நான் கையெழுத்து போடவா?

- ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

போட வேண்டாம்மா. காரணத்தை அப்பறமா சொல்றேன், ஏன்னா உங்க கேள்வியில பாதி நியாயம் இருக்கு, அதை முதல்ல ஒத்துக்கிடணும். 1983-ல வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்புல 522-ஆவது சட்டம், பங்குக் குரு ஒரு இடத்துல நிலையா இருக்கணும்னுதான் சொல்லுது, கால வரையறை இல்லாமத்தான் அவரை நியமிக்கணும், இத்தனை வருசம்னு வரையறை போடணும்னா ஆயர் பேரவை அனுமதி இருக்கணும். அதே சட்டத் தொகுப்புலதான் 1748-ல, ஆன்மாக்களோட நன்மைக்கோ திருச்சபையோட தேவைக்கோ ஒரு சாமியை ஆயர் வேற பங்குக்கு மாத்தலாம்னும் இருக்கு. ஆக நல்லவரா இருக்கார்ங்கிறதுக்காக தண்டிச்சுத் தூக்குறாங்கன்னு நினைக்காதீங்க, நல்லா செஞ்சவரைத்தான் நொண்டியடிக்கிற பங்குக்கு அனுப்புவாங்க, கண்டுக்காம விடுறவரை அங்க அனுப்பி என்ன பிரயோஜனம்.

லெவே சாமியைச் சொன்னீங்க. பிரான்சுலருந்து வந்த சேசு சபைக்காரர், 1973-ல சருகணியில இறந்தாரு, கல்லறையும் அங்கதான், இன்னிக்கும் மெழுகுவத்தியும் கையுமா ஜனம் போய்க்கிட்டே இருக்கு. ஆனா அவரும் சருகணியிலயே பொறந்து வளந்தவர் இல்லம்மா, அதுக்கு முன்னாடி வேற பங்குகள்ல இருந்துட்டு வந்தவருதான். அந்த ஊர்க்காரங்க விடமாட்டோம்னு ஒத்தக்கால்ல நின்னு ஜெயிச்சிருந்தா சருகணிக்கு ஏது லெவே சாமி?

இப்ப என் கதை. நான் அப்ப பூசைக்கு உதவுற பையன், ஏழாவதோ எட்டாவதோ. எங்க பங்குலயும் இதே மாதிரி ஒரு சாமி, ஊரே உசுரா இருந்துச்சு, மாறுதல் வந்ததும் பெட்டிஷன் போட்டோம், வேன் பிடிச்சு சிவகங்கைக்குப் போனோம், ஒண்ணும் நடக்கல. நடந்தது என்னன்னா, புதுசா வந்த சாமியை ஊரே எதிரியா பாக்க ஆரம்பிச்சுருச்சு, அவரு இன்னும் பொட்டியைக்கூட பிரிக்கல. வந்த அன்னிக்கு சாமி தங்குற பங்களாவுல சமையக்காரம்மா வேணும்னே வரல, மனுசன் ரோட்டோர டீக்கடையில நாலு இட்லி வாங்கி நின்னுக்கிட்டே சாப்ட்டாரு. நானும் இன்னொரு பயலும் சேந்து அவரோட டிவிஎஸ் 50-ல ரெண்டு சக்கரத்துலயும் காத்தைப் புடுங்கி விட்டோம். மத்தியான வெயிலு, செம்மண் ரோடு, மூணு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே போனாரு சைக்கிள் கடை வரைக்கும், நாங்க புளியமரத்துக்குப் பின்னால நின்னு சிரிச்சோம். யாருன்னு அவரு ஒருத்தர்கிட்டயும் கேக்கவே இல்ல. ஆறு வருசம் கழிச்சு அவருக்கு பிரியாவிடை நடந்தப்ப மைக்கைப் பிடிச்சு, "நான் வந்த அன்னிக்கு வண்டியில காத்தைப் புடுங்குனது யாருன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், ஒருத்தன் இப்ப காலேஜ் போறான், இன்னொருத்தன்தான் இன்னிக்கு முதல் வாசகம் வாசிச்சான்"னாரு. கோயிலே சிரிச்சுச்சு. வாசிச்சது நான். எனக்கு மட்டும் சிரிப்பு வரல.

அதனாலதான் சொல்றேன், நீங்க போடுற கையெழுத்து ஆயருக்குப் போகுதோ இல்லியோ, அடுத்து வரப்போற, முகம் தெரியாத ஒருத்தர் தலையில போய் விழுகும். இன்னொண்ணு, சொன்னா சில பேருக்குக் கோவம் வரும். ரொம்ப வருசம் ஒரே இடத்துல இருந்தா எந்த நல்ல சாமியும் மெதுவா ஒரு தெருவுக்குச் சொந்தமாயிருவாரு. கீழத்தெருக்காரங்க "எங்க சாமி"ம்பாங்க, அதே சாமியை நம்பியிருக்கிற சுத்துப்பட்டு கிளைப்பங்குக்காரங்க எங்க ஊருக்கு மாசம் ஒரு பூசைதானேன்னு முணுமுணுப்பாங்க, நம்ம பக்கத்துல இதுல சாதியும் வந்து ஒட்டிக்கும், தெரியாத மாதிரி பேச வேண்டாம்.

செயின் விசயம். நேரா ஆயருக்குக் கீழ வேலை பாக்குற மறைமாவட்டக் குருக்கள் துறவற சபைக்காரங்க மாதிரி ஏழ்மை வார்த்தைப்பாடு குடுக்கிறதில்ல, ஆயருக்குக் கீழ்ப்படியிறதாத்தான் வாக்கு குடுக்குறாங்க. அதனால வாங்கிட்டுப் போயிருந்தாலும் யாரும் சட்டம் பேச முடியாது. ஆனா பைபிள்ல அப்போஸ்தலர் பணி 20-ஆவது அதிகாரத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. எபேசுல மூணு வருசம் இருந்த பவுல், மிலேத்துல வச்சு அந்த சபை மூப்பர்களை வரச்சொல்லி விடைபெறுறாரு. யாரோட பொன்னுக்கும் வெள்ளிக்கும் துணிமணிக்கும் ஆசைப்படலைன்னு சொல்றாரு. அப்பறம் எல்லாரும் முழந்தாள் போட்டு ஜெபம் பண்ணி, கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுது, கப்பல் வரைக்கும் கூடப் போறாங்க. அழுதாங்க, ஆனா கப்பலை யாரும் மறிக்கல. உங்க சாமிக்கு அந்த அதிகாரம் மனப்பாடமா இருக்கும்னு நினைக்கிறேன். குடுத்தவங்ககிட்ட சொல்லுங்க, செயின் ஊரை விட்டுப் போகல, மாதாகிட்டதான் இருக்கு.

மூணு மணி நேரப் பேச்சைப் பத்தி என்ன சொல்ல, அதுல பாதிப்பேரு சாமியைப் பத்திப் பேசியிருக்க மாட்டாங்க, தான் எவ்வளவு நன்கொடை குடுத்தோம்னு பேசியிருப்பாங்க. அஞ்சு நிமிசத்துல மன்னிப்பு கேட்டு உக்காந்தாரு பாருங்க, அவரு ஒருத்தருதான் அந்த மேடையில உருப்படியா பேசியிருக்காரு.

பொறுப்பை ஒப்படைக்கிறதை ஒருநாள் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், எங்கப்பா பங்குப் பேரவையில இருந்தப்ப. நற்கருணைப் பேழை சாவி, உண்டியல் சாவி, கணக்கு நோட்டு, அப்பறம் ஞானஸ்நானம், கல்யாணம், சாவுன்னு கெட்டி அட்டை போட்ட ரிஜிஸ்தருங்க. போற சாமி ஞானஸ்நான ரிஜிஸ்தரைப் புரட்டுனப்ப எட்டிப் பாத்தேன். என் பேரு ஒரு பழைய சாமி கையெழுத்துல நீல மையில மங்கிப்போய் இருக்கு, ஓரத்துல என் கல்யாண விவரம், அது கறுப்பு மை, வேற கையெழுத்து. எழுதுன ரெண்டு பேருமே அப்ப எங்க ஊர்ல இல்ல.

உங்களால முடிஞ்சா இதைச் செய்யுங்க. போறவருக்குக் கொட்டான்ல மணகோலமும் கைமுறுக்கும் கட்டிக் குடுங்க, அதையெல்லாம் மாதாகிட்ட வைக்க மாட்டாரு, வழியிலயே தின்னுருவாரு. வர்றவரு எந்த பஸ்ல வர்றாருன்னு விசாரிச்சு வைங்க. அன்னிக்கு மத்தியானச் சாப்பாடு யாரு வீடுன்னு முன்னாடியே முடிவு பண்ணிருங்க. ஒருவேளை வண்டியில வந்தாருன்னா, பூசைக்கு உதவுற பசங்க மேல ஒரு கண்ணு இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்