குழாய் வேலையும் மீக்கடத்தியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்திகள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் இயற்பியல் முதுகலை இறுதியாண்டு. திண்மங்களையும் திரவங்களையும் ஆராயும் செறிபொருள் இயற்பியலில் சோதனைப் பக்கம் போக ஆசை. ஆனால் ஆய்வு மாணவராக இருக்கும் என் சீனியர், “அது பிளம்பர் வேலை. குழாய் மாட்டி, கசிவு அடைத்தே ஐந்து வருஷம் போய்விடும்” என்கிறார். கோட்பாட்டுப் பக்கம் போகலாமென்றால் கணிதத்தில் நான் நடுத்தரம்தான். சோதனை ஆய்வகத்தில் நாளெல்லாம் என்னதான் செய்வார்கள்? பட்டத்துக்குப் பிறகு என்ன?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் சீனியர் சொன்னதில் பொய் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

முதலில் அவர் சொன்ன பாதி. அளக்க வேண்டிய பொருளை, அதாவது சாம்பிளை, குளிர்விக்கப் பயன்படும் திரவ ஹீலியம் 4.2 கெல்வினில் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) கொதிக்கிறது. அதை ஆவியாக்க மிகக் குறைந்த வெப்பம் போதும்: வெளியிலிருந்து 1 வாட் உள்ளே நுழைந்தால் மணிக்கு சுமார் 1.4 லிட்டர் திரவம் போய்விடும். ஆகவே அறையிலிருந்து சாம்பிளுக்கு இறங்கும் ஒவ்வொரு கம்பியையும் வெப்பம் வரும் குழாய் என்றே பார்க்க வேண்டும். தடித்த தாமிரக் கம்பியை நேராக இறக்கக் கூடாது. மாங்கனின், பாஸ்பர் வெண்கலம் போன்ற வெப்பத்தை மோசமாகக் கடத்தும் கலவைகளில் மெல்லிய கம்பி எடுத்து, வழியிலுள்ள ஒவ்வொரு குளிர்த்தட்டிலும் சில சுற்று சுற்றி வார்னிஷ் வைத்து ஒட்டுவார்கள். இதைச் செய்யாமல் விட்டால் வெப்பமானி 4 கெல்வின் காட்டும், சாம்பிள் 6 கெல்வினில் உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒன்றென்று நம்பி வரைந்த வரைபடம் அழகாகவே இருக்கும், தப்பாகவும் இருக்கும்.

கசிவுகளில் மிகக் கொடியது சூப்பர் லீக். அறை வெப்பநிலையில் கசிவுமானி எதையும் காட்டாது. 4 கெல்வினிலும் எல்லாம் ஒழுங்கு. 2.17 கெல்வினுக்குக் கீழே ஹீலியம் பாகுநிலையே இல்லாத மீப்பாய்மமாக மாறியதும், வேறெந்தத் திரவமும் நுழையாத விரிசலில் புகுந்து வெற்றிட அறைக்குள் வந்துவிடும். பிறகு மொத்தத்தையும் சூடாக்கி, திறந்து, மூடியின் இடுக்கை அடைக்கும் மென்உலோகமான இண்டியம் கம்பி வளையத்தைச் சுரண்டியெடுத்து, பள்ளத்தைத் துடைத்து, புதுக் கம்பி வைத்து எதிரெதிர் போல்ட்டுகளாக மெல்ல இறுக்க வேண்டும். ஒரு வாரம் காலி. பிளம்பர் வேலைதான், மறுக்கவில்லை.

அவர் விட்டுவிட்ட பாதி சாம்பிள். கோட்பாட்டாளருக்குப் பொருள் என்பது ஒரு சமன்பாடு. உங்களுக்கு அது உலையிலிருந்து வரும் கறுப்பு வில்லை. இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு பழகுவதற்கு நல்ல பொருள். சுமார் 92 கெல்வினில் மீக்கடத்தியாகும் என்பதால் திரவ நைட்ரஜனே (77 கெல்வின்) போதும். 10 கிராம் வேண்டுமானால் இட்ரியம் ஆக்சைடு 1.695 கிராம், பேரியம் கார்பனேட் 5.924, காப்பர் ஆக்சைடு 3.582. பேரியம் கார்பனேட் நச்சு. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடக்கூடாது. அகேட் கல்வத்தில் அரைமணி நேரம் அரைத்து, அலுமினா மூசையில் 900 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே ஓர் இரவு வைக்க வேண்டும். கார்பனேட் ஒரே தடவையில் முழுதும் சிதையாது. எடுத்து, அரைத்து, மறுபடி சுட வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பின் வில்லையாக அழுத்தி 940 டிகிரி அளவில் இறுகவைக்கலாம்.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். அந்த வெப்பத்தில் பொருள் ஆக்சிஜனை இழந்திருக்கும். ஓடும் ஆக்சிஜனில் 450 டிகிரி அருகே பல மணி நேரம் நிறுத்தி, பிறகு மெல்ல ஆறவிட்டால்தான் அலகுக்கு ஏழு ஆக்சிஜன் அணு என்ற அளவை நெருங்கும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் ஆறு அணுவை நோக்கி நிற்கும். அது மீக்கடத்தியே அல்ல, மின்காப்புப் பொருள். வில்லை பச்சை நிறத்தில் வந்தால் எடை விகிதத்தில் கோளாறு, அல்லது வெப்பம் கைமீறியிருக்கிறது.

இனி அளவீடு. நான்கு முனை முறை பாடத்தில் படித்திருப்பீர்கள்: வெளி முனைகளில் மின்னோட்டம், உள் முனைகளில் மின்னழுத்தம். பாடத்தில் இல்லாதது அளவுகள். நல்ல உலோகப் படிகத்தின் மின்தடை 10 மைக்ரோ ஓம் இருக்கலாம். 1 மில்லி ஆம்பியர் செலுத்தினால் கிடைப்பது 10 நானோ வோல்ட். கம்பி இணைப்புகளில் வெப்பநிலை வேறுபாட்டால் தானாக எழும் மின்னழுத்தமோ சில மைக்ரோ வோல்ட், அதாவது நூறு மடங்குக்கும் மேல். எனவே மின்னோட்டத்தைத் திருப்பிப் போட்டு இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தில் பாதியை எடுப்பார்கள். அல்லது 17 ஹெர்ட்ஸ் போன்ற, மின்வாரியத்தின் 50, 60 ஹெர்ட்ஸோடு ஒட்டாத அதிர்வெண்ணில் மின்னோட்டம் செலுத்தி, அந்த அதிர்வெண்ணின் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் வைத்து அளப்பார்கள். சிக்னல் சின்னதாக இருக்கிறதே என்று மின்னோட்டத்தை ஏற்றவும் முடியாது. வெள்ளிப் பசை வைத்த தொடுமுனையில் 10 ஓம் இருந்தால் 1 மில்லி ஆம்பியர் அங்கே 10 மைக்ரோவாட் வெப்பத்தைக் கொட்டும். 20 மில்லி கெல்வினில் ஒரு டைலூஷன் குளிர்விப்பான் (ஹீலியத்தின் இரு ஐசோடோப்புகளின் கலவையால் குளிரூட்டும் கருவி) தாங்குவதே ஏறக்குறைய அவ்வளவுதான். மின்னோட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். வளைவு நகர்ந்தால் நீங்கள் அளந்தது உங்கள் சூட்டை.

ஒரு நாள் திரையில் மின்தடை பூஜ்யத்துக்கு விழும். இந்தத் தொழிலில் ஒருவரின் தரம் அடுத்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். உள் முனை ஒன்று கழன்றிருந்தாலும் பூஜ்யம் வரும். சாம்பிளில் விரிசல் விழுந்து மின்னோட்டம் சுற்றிப்போனாலும் வரும். சில சமயம் எதிர்மறை மின்தடைகூட வரும். முனைகளை மாற்றிப் போட்டு, வேறு துண்டை எடுத்து, குளிரும்போதும் சூடாகும்போதும் அளந்து, மீக்கடத்தி செய்வதுபோல் காந்தப்புலத்தை அது வெளித்தள்ளுகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று உலகமே பரபரத்தது நினைவிருக்கும். 104 டிகிரி செல்சியஸ் அருகே மின்தடை சரிந்ததை ஒரு சான்றாகக் காட்டினார்கள். சாம்பிளில் கலந்திருந்த காப்பர் சல்ஃபைடு அதே இடத்தில்தான் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. கலப்பில்லாத ஒற்றைப் படிகம் வளர்த்துப் பார்த்தபோது அது மின்காப்புப் பொருளாக இருந்தது. அங்கே தவறியது குவாண்டம் கோட்பாடு அல்ல, உலை வேலை.

அதனால்தான் படிகம் வளர்ப்பவரைக் குறைவாக நினைக்காதீர்கள் என்கிறேன். 1982இல் பின்ன குவாண்டம் ஹால் விளைவை (எலக்ட்ரான்கள் கூட்டாகச் சேர்ந்து பின்ன மின்னூட்டம் கொண்டவைபோல நடந்துகொள்வது) ட்சுயியும் ஸ்டோர்மரும் கண்டது கோஸார்ட் வளர்த்த காலியம் ஆர்சனைடு அடுக்குகளில். கட்டுரையில் மூன்றாவது பெயர் அவருடையது. 1998 நோபல் பரிசு ட்சுயி, ஸ்டோர்மர், கோட்பாடு சொன்ன லாஃப்லின் மூவருக்கும் போனது. எனக்கு இன்றுவரை இது உறுத்தல்தான்.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஒன்றிரண்டு போஸ்ட்டாக் (தற்காலிக ஆய்வுப் பணி), வேறு ஆய்வகம், முடிந்தால் வேறு நுட்பம். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் பட்டம் பெறுபவர்களைவிட மிகக் குறைவு. இதை மறைத்துப் பேசும் வழிகாட்டியிடம் சேராதீர்கள். கிடைத்தவரும் ஆய்வகத்தை எழுப்பவே ஓரிரு வருடம் செலவழிப்பார். அதன்பின் அவர் கை ஸ்குரூடிரைவரை விட்டு நிதி விண்ணப்பத்துக்குப் போய்விடும். மற்றவர்களுக்கு வெற்றிடம், குளிர்விப்பு, குறைகடத்தி, அளவீட்டுக் கருவி சார்ந்த தொழில்கள் இருக்கின்றன. உங்கள் சீனியர் கேலி செய்யும் அதே குழாய் வேலைக்குத்தான் அங்கே மதிப்பு.

கணிதம் நடுத்தரம் என்பது தடை அல்ல. ஃபூரியர் மாற்றம், பிழைக் கணக்கு, நேரியல் இயற்கணிதம் இவை தடுமாறாமல் வந்தால் போதும். சேரும் முன் அந்தக் குழு மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள்: போன வருடம் குளிர்விப்பான் எத்தனை வாரம் ஓடியது, சாம்பிள் யார் செய்கிறார்கள், குளிர்விப்பான் நின்றுபோனால் யார் கழற்றுகிறார்கள். மூன்றாவது கேள்விக்கு “கம்பெனி ஆள் வருவார்” என்று பதில் வந்தால் வேறு குழுவைப் பாருங்கள்.