ஆஸ்துமாவும் வீட்டுப் பூஞ்சையும்: அமெரிக்க வாசகர்களின் கேள்விகள்

கறுப்பினத்தவருக்கு ஆஸ்துமா கடுமையாக வருவது பரம்பரை உடல்வாகுதானே, டாக்டர்?

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. பரம்பரைக்கு ஒரு பங்கு எல்லோருக்கும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் ஆஸ்துமாவால் இறக்கும் கறுப்பினத்தவரின் விகிதம் வெள்ளையரைப் போலச் சுமார் மூன்று மடங்கு. இவ்வளவு பெரிய இடைவெளியை ரத்தத்தின் மேல் போட முடியாது.

1930களில் அரசு நிறுவனம் ஒன்று நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு அடித்தது. அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது குதிரைக்கொம்பானது. கலிஃபோர்னியாவின் எட்டு நகரங்களைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வில், அந்தச் சிவப்புப் பகுதிகளிலிருந்து ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைக்கு வருபவர்களின் விகிதம், அதே வரைபடத்தில் நல்ல பகுதி என்று குறித்த இடங்களைப் போல இன்றும் 2.4 மடங்கு. கடன் இல்லாத இடத்தில் வீடு பழசாகிறது, குழாய் கசிகிறது, சுவருக்குள் பூஞ்சை பிடிக்கிறது, கரப்பானும் எலியும் சேர்கின்றன.

என்னிடம் வரும் ஒரு பெண்மணி போனில் தன் குளியலறைக் கூரையைக் காட்டினார். வீட்டுக்காரர் பூஞ்சைமேல் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரே மாதத்தில் மின்விசிறி ஓரமாக அதே கரும்புள்ளிகள். நான் எத்தனை மருந்து எழுதினாலும் அவர் தூங்கப் போவது அந்த வீட்டில்தானே? நியூயார்க் நகரில் 2019 முதல், பூஞ்சையோடு ஈரத்தின் காரணத்தையும் வீட்டுக்காரரே சரிசெய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் புகாரை எழுத்தில் கொடுங்கள்.

பேஸ்மென்டில் ஒரே பூசண வாடை. பிளீச் ஊற்றலாமா?

வேண்டாம். செத்த பூஞ்சையும் அலர்ஜி தரும், பிளீச் நெடியே மூச்சை இழுக்கும். கசிவை அடைத்து, ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வையுங்கள். நனைந்த கார்ப்பெட்டை இரண்டு நாளுக்குள் காயவைக்க முடியாவிட்டால் தூக்கிப் போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் சுத்தம் செய்யும் வேலையில் இறங்க வேண்டாம்.

கறுப்புப் பூஞ்சைதான் ஆபத்தாமே?

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆல்டர்னேரியா என்ற வகை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உயிருக்கே ஆபத்தான இழுப்பு வரலாம். தோல் பரிசோதனையிலோ ரத்தப் பரிசோதனையிலோ தெரிந்துவிடும்.

ஊதும் டெஸ்ட் நார்மல் என்கிறார்கள். எனக்கோ மாடி ஏறினால் இளைக்கிறது.

பல வருடங்களாக அந்த மெஷினில் இனத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. கறுப்பினத்தவருக்கு 10 முதல் 15 சதவீதம், ஆசியர்களுக்கு 4 முதல் 6 சதவீதம் வரை நுரையீரல் அளவு குறைவு என்று அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால் நிஜமான குறையும் நார்மல் என்று தெரியலாம். 2023இல் அமெரிக்க மார்பு நோய் மருத்துவச் சங்கம் இனம் பாராத கணக்குக்கு மாறச் சொன்னது. உங்கள் ரிப்போர்ட் எந்தக் கணக்கு என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஆல்புடெரால் மட்டும் போதுமா?

அடிக்கடி தேவைப்பட்டால் போதாது. அது உடனடி நிவாரண மருந்து; மூச்சுக்குழாயை விரிக்கும், உள்வீக்கத்தைக் குறைக்காது. கறுப்பின, லத்தீன் பெரியவர்கள் 1,201 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், நிவாரண மருந்து எடுக்கும்போதெல்லாம் ஸ்டீராய்டு இன்ஹேலரையும் சேர்த்து இழுத்தவர்களுக்குக் கடும் தாக்குதல் சுமார் 15 சதவீதம் குறைந்தது. உங்கள் டாக்டரிடம் இதைப் பேசுங்கள்.

அப்புறம் ஒன்று. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருத்த தோலில் ரத்த ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் காட்டலாம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், அதில் 95 காட்டினாலும் 911ஐக் கூப்பிடுங்கள்.