கடல் மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் வந்திருக்கின்றன. தொட்டியில் என்ன மருந்து ஊற்றலாம்?

பெரிய தொட்டியில் எதையும் ஊற்றாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். கேள்வியைப் பார்த்தால், புதிதாக ஒரு மீன் வாங்கி நேராக உள்ளே விட்டிருக்கிறீர்கள், பவளமும் இறாலும் கூடவே இருக்கின்றன என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன்.

இரண்டு வருடம் முன்பு, மே மாதம். சென்னையில் எங்கள் வீட்டு நான்கு அடித் தொட்டியில் ஒரு ஜோடி க்ளவுன், ஒரு ராயல் கிராமா. ஆசைப்பட்டு ஒரு ப்ளூ டேங் வாங்கி வந்தேன். இரண்டாம் நாளே அது வேவ் மேக்கர் (தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) முன்னால் போய் நீரோட்டத்தை எதிர்த்து நின்றுகொண்டே இருந்தது. ஓட்டம் பிடித்திருக்கிறது போல என்று வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். அந்த வீடியோவை இன்னும் அழிக்கவில்லை. செவுளை ஒட்டுண்ணி அடைத்து, மூச்சுக்குத் தவித்துத்தான் அங்கே போய் நின்றிருக்கிறது.

நான்காம் நாள் உடம்பில் புள்ளிகள். மீன் வாங்கிய கடையில் கேட்டேன். "இக்தான் சார், சூட்டைக் கூட்டுங்க, பூண்டுச் சாறு கலந்து தீனி போடுங்க" என்றார்கள். இக் என்பது மீன் மேல் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் ஒட்டுண்ணி நோய். ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றினேன். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். ஏற்கெனவே மூச்சு முட்டிய மீனுக்கு நான் செய்த வைத்தியம் அது.

அன்று இரவு கரண்ட் போனது. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குடியிருப்பில் ஜெனரேட்டர் இருக்கிறது. வாசலில் உள்ள அலங்கார நீரூற்றுக்கு அதில் இணைப்பு உண்டு. வீட்டுக்குள் ஒரு பிளக் பாயிண்ட்டுக்குக் கிடையாது. சங்கத்துக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். காசு கட்டுகிறேன் என்றும் சொன்னேன். "மீனுக்காகவா?" என்று கேட்டார்கள். காலையில் ப்ளூ டேங் மீனும் கிராமாவும் செத்து அடியில் கிடந்தன. மறுநாள் ஒரு க்ளவுன்.

மிச்சமிருந்த ஒன்றின் மேல் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. இக் என்றால் ரவை ஒட்டியதுபோல் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். இது முகப் பவுடர் தூவியதுபோல், கொஞ்சம் பொன்னிறமாக, பரவலாக இருந்தது. வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய். இக் மெதுவாகக் கொல்லும். வெல்வெட் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். செவுளில்தான் முதலில் பிடிக்கும் என்பதால் புள்ளி கண்ணுக்குத் தெரியும்போதே நேரம் கடந்திருக்கும். அதனால் புள்ளியை விட மூச்சைப் பாருங்கள். வாட்ச் வைத்து ஒரு நிமிடத்துக்குச் செவுள் எத்தனை முறை அடிக்கிறது என்று, மீன் நன்றாக இருக்கும் நாளிலேயே எண்ணி எழுதி வையுங்கள்.

அந்த க்ளவுனை, அதே சூடும் அதே பிஎச்சும் உள்ள உப்பில்லாத நன்னீரில், ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) ஓட ஐந்து நிமிடம் வைத்தேன். பிறகு தனித் தொட்டி. மணல், கல் எதுவும் வேண்டாம். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய் போதும். கீலேட் செய்த (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த) காப்பர் மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி 2.5 பிபிஎம் (லிட்டருக்கு 2.5 மில்லிகிராம்) வரை கொண்டுபோய், 30 நாள் அதே அளவில் வைத்தேன். இந்த எண் கீலேட் வகைக்கு மட்டும். வேறு வகைக் காப்பருக்கு அளவு மிகக் குறைவு, பாட்டிலைப் படியுங்கள். டெஸ்ட் கிட் இல்லாமல் காப்பரைத் தொடவே வேண்டாம். அம்மோனியாவையும் தினமும் பாருங்கள், சின்னத் தொட்டியில் அதுவே கொன்றுவிடும். பெரிய தொட்டியில் காப்பர் விழுந்தால் இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். அதனால் ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி சாகட்டும் என்று, பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் விட்டேன். வெல்வெட்டுக்கு ஆறு வாரம் போதும் என்பார்கள், இக்கும் சேர்ந்து இருந்தால் என்ற பயம்தான்.

"நல்ல தீனி போட்டால் இக் தானே போய்விடும், எங்கள் வீட்டில் போனது" என்று யாராவது வருவார்கள். உங்கள் மீன் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இக் ஒட்டுண்ணி மூன்று முதல் ஏழு நாளில் மீனை விட்டுத் தானாகவே உதிரும். மணலில் கூடு கட்டிப் பெருகி மறுபடி வரும். புள்ளி மறைந்ததை வைத்து மருந்து கேட்டது என்று சொல்ல முடியாது. வெல்வெட்டிடம் பூண்டு வேலை செய்யாது, நான் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. உங்களுடையது க்ளவுன் மட்டும் என்றால், தோல் உரிவதுபோல் வெள்ளையாகக் கெட்டியான சளி படிகிறதா பாருங்கள். அது புரூக்லினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணி, காப்பருக்கு அடங்காது. ஃபார்மலின் குளியல்தான் வழி. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது.

இப்போதே போய் மூச்சை எண்ணுங்கள். வேகமாக இருந்தால் தனித் தொட்டிக்கு நாளை வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் உள்ள உணவுக்கேற்ற பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும், பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள்.