மூன்றே சொல்

கேள்வி: எனக்கு 66 வயது. கும்பகோணம். ஓய்வுபெற்ற அரசு ஊழியன். சிவாஜி படங்கள் என்றால் உயிர். ‘பராசக்தி’ கோர்ட் வசனம் முழுக்க மனப்பாடம். இப்போது வரும் படங்களில் பாட்டு இல்லை, வசனம் காதில் விழவில்லை, கதாநாயகன் தாடியோடு திரிகிறான். சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் இதையெல்லாம் ஆகா ஓகோ என்கிறான். 2012-ல் ‘கர்ணன்’ புதுப்பித்து வெளிவந்தபோது அவனை அழைத்துப்போனேன். வேலையில் சேர்ந்த புதிது அவனுக்கு. கடைசிவரை அசையாமல் பார்த்தான். அந்த ரசனை எங்கே போயிற்று? 2024-ல் ஊருக்கு வந்தவன், ‘மெய்யழகன்’ படத்துக்கு டிக்கெட் போட்டு என்னை அழைத்துப்போனான். ஒரே பேச்சு. பொறுக்க முடியாமல் இடைவேளையில் எழுந்துவிட்டேன். அவனும் பின்னாலேயே வந்துவிட்டான். அதிலிருந்து என்னோடு சினிமாவே பேசுவதில்லை. “மாத்திரை போட்டீங்களாப்பா” என்பதோடு போனை வைத்துவிடுகிறான். என் அப்பா பாகவதர் ரசிகர். சிவாஜியைக் “கத்துறான்” என்பார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்ல சினிமா எது என்று என் மகனுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: பழைய படமா, புதிய படமா என்ற வழக்கு எனக்கு மாதம் இரண்டு மூன்றாவது வரும். அப்பா மகன், மாமியார் மருமகள், ஒருமுறை கல்யாணமாகி நாற்பதே நாளான ஜோடி. தீர்ப்புச் சொல்வதை விட்டு ரொம்ப நாளாகிறது. உங்கள் கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்தது மூன்று சொல்லுக்காக. ‘அவனும் பின்னாலேயே வந்துவிட்டான்.’

ஏதோ குடையை மறந்து வந்ததைச் சொல்வதுபோல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் போகவில்லை. ஏன் வந்தான் அவன்? படம் பிடிக்காமலா? இந்த மாதிரிப் படங்களை அவன் ஆகா ஓகோ என்கிறான் என்று நீங்களே சொல்கிறீர்கள். காசு கொடுத்த டிக்கெட், ஆசைப்பட்ட படம், மீதிப் பாதி இன்னும் ஓடவில்லை. அப்பா இருட்டில் படி இறங்குவாரே, வெளியே தனியாக ஆட்டோ தேடுவாரே என்று எழுந்து வந்திருக்கிறான். வீடு வரும்வரை அவனிடம் என்ன பேசினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ஊகிக்க முடிகிறது. சினிமா எப்படிக் கெட்டுப்போய்விட்டது என்று பாடம் நடத்தியிருப்பீர்கள்.

அவன் எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தான் என்றாவது யோசித்தீர்களா? தியேட்டருக்குத் தியேட்டர் ரத்தம் தெறிக்கிற காலத்தில், விட்டுப்போன சொந்தத்தைப் பற்றிய படமாகப் பார்த்து எடுத்திருக்கிறான். தஞ்சாவூர் வீடு, நீடாமங்கலத்தில் தங்கை கல்யாணம். உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய ஊர்கள். அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று உட்கார்ந்து யோசித்த பிள்ளை அவன்.

“ஒரே பேச்சு” என்கிறீர்களே, ‘பராசக்தி’ கோர்ட் வசனத்தை மனப்பாடம் செய்தவர் நீங்கள். எழுதும்போது உங்களுக்கே சிரிப்பு வரவில்லையா?

நீளம் என்ற குறை நியாயம்தான். வெளியான சில நாளில் அவர்களே சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். ஆனால் நீங்கள் உட்கார்ந்து பார்க்காத கதை ஒன்று அதில் இருக்கிறது. 22 வருஷம் கழித்து ஊருக்கு வருகிறவரை ஒருத்தன் கையில் வைத்துத் தாங்குகிறான். வந்தவருக்கு அவன் பெயர்கூட ஞாபகம் இல்லை. கூச்சம் தாங்காமல், சொல்லிக்கொள்ளாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடுகிறார். அவராவது வெட்கப்பட்டுக் கிளம்பினார். நீங்கள் கோபித்துக்கொண்டு கிளம்பினீர்கள்.

‘கர்ணன்’ விஷயத்துக்கு வருகிறேன். அது ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். பந்துலு 1964-ல் எடுத்தது, அவன் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால். அசையாமல் பார்த்தான் என்கிறீர்கள். பிடித்ததா என்று அன்றைக்குக் கேட்டீர்களா? ரசனை என்று நீங்களே முடிவுகட்டிவிட்டீர்கள். எனக்கு அது மரியாதையாகத் தெரிகிறது. இரண்டும் இருந்திருக்கலாம். கர்ணன் சாய்ந்து கிடக்க, என்.டி.ஆர். கண்ணனாக நிற்க, சீர்காழியின் குரல் எழும்பும்போது நீங்கள் கண்ணைத் துடைத்திருப்பீர்கள். அவன் திரையைப் பார்த்தானோ, உங்களைப் பார்த்தானோ. எப்படியிருந்தாலும் உட்கார்ந்திருந்தான். உங்கள் முறை வந்தபோது நீங்கள் உட்காரவில்லை.

பாட்டில்லாத படம் ஒரு படமா என்ற வாதத்தைச் சிவாஜி ரசிகர் வைக்கக் கூடாது. 1954-ல் வந்த ‘அந்த நாள்’ சிவாஜி நடித்ததுதானே? ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ். பாலசந்தர் இயக்கம். ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. அப்போது வசூலில் அடிவாங்கியது. இன்றைக்கு அதைக் கொண்டாடாத சிவாஜி ரசிகர் உண்டா? வசனம் காதில் விழவில்லை என்பதில் மட்டும் நான் உங்கள் கட்சி. பின்னணி இசையைக் கூட்டி வைத்து நடிகர் வாயைப் பொத்துகிறார்கள். தாடியைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை.

நானும் பாதிப் படத்தில் எழுந்து வந்தவள்தான். இரண்டு வருஷம் முன்னால், அருவாள் படம் ஒன்று. தனியாகப் போயிருந்தேன், தனியாக வந்தேன், யாருக்கும் நஷ்டமில்லை. பிள்ளை அழைத்துப்போன இடத்தில் அந்த உரிமை கிடையாது. நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பந்தியில் பக்கத்து இலைக்காரர் மோர் சாதத்துக்கு வருவதற்குள் இலையை மடித்துவிட்டு எழுவீர்களா? கூட்டு உப்பாக இருந்தாலும் உட்கார்ந்திருப்போம் இல்லையா? பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைப் பற்றி நம் ஊரில் பேசாத ஆளில்லை. பெற்றவர்கள் பிள்ளைக்குச் செய்ய வேண்டியது காலேஜ் ஃபீஸோடு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். வளர்ந்த பிள்ளை தனக்குப் பிடித்த ஒன்றைக் காட்டக் கூப்பிட்டால் போய் உட்காருவதும் கடமைதான் என்பேன்.

உங்கள் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அவரோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்த படம் ஒன்றாவது உண்டா? இருந்திருந்தால் பெயரோடு எழுதியிருப்பீர்கள். அவர் “கத்துறான்” என்றார், நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். இப்போது நீங்கள் “ஒரே பேச்சு” என்கிறீர்கள், மகன் மாத்திரையை விசாரித்துவிட்டுப் போனை வைக்கிறான். மனத்தாங்கலைச் சொல்லாமல் இப்படி மாத்திரையோடு நிறுத்திக்கொள்வது அவன் செய்கிற தப்பு. அவன் கடிதம் எழுதினால் அவனையும் திட்டுவேன். எழுதியது நீங்கள்.

புரியவைக்கிற வேலையை விடுங்கள். இன்று ராத்திரி அவன் போன் செய்வான். மாத்திரை போட்டாயிற்று என்று சொல்லிவிட்டு, “அந்தப் படத்தில் அப்புறம் என்னடா ஆச்சு?” என்று கேளுங்கள். கதையைச் சொல்லட்டும். அன்று பாதியில் விட்டதை அவன் பிறகு தனியாகப் பார்த்திருக்கலாம். பார்க்காமலே விட்டிருந்தால் அதற்குக் காரணம் யார் என்று அவன் சொல்ல மாட்டான், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த லீவுக்கு வரும்போது வீட்டு டி.வி.யிலேயே போடச் சொல்லுங்கள். முதலிலிருந்து. நடுவில் “எங்க காலத்துல” என்று ஆரம்பிக்காதீர்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதும் எழுந்துவிட வேண்டாம். அவன் எழுந்த பிறகு எழுந்திருங்கள்.