சிக்னல் நிற்காத தோட்டத்தில் கிளவுட் கருவிகள்: கேள்வி பதில்

கேள்வி (வண்டன்மேடு): ஐயா, எங்கள் ஏலக்காய் ஸ்டோரில் சூட்டைக் கிளவுடிலிருந்தே (இணையவழி சர்வரிலிருந்தே) கட்டுப்படுத்த முடியுமா?

பதில்: முடியும், ஆனால் செய்யாதீர்கள். (ஸ்டோர் என்றால் கீழே கம்பத்துக்காரர்கள் கடையை நினைப்பார்கள், நாம் சொல்வது காய் உலர்த்தும் கட்டடம்.) மழைக்காலத்தில் நெட் போய்விட்டால், "விசிறியைப் போடு" என்ற கட்டளை வருவதற்குள் ஒரு தட்டுக் காய் நிறம் மாறிவிடும். ஆகவே எத்தனை டிகிரி வேண்டும் என்பதை மட்டும் கிளவுட் அனுப்பட்டும். கருவி அதைத் தன் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதி வைத்துக்கொண்டு, தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தானே முடிவெடுக்க வேண்டும். சூடு எல்லை மீறினால் ஹீட்டரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்று மென்பொருளோடு சம்பந்தமில்லாமல் தனியாக இருக்கட்டும்.

கேள்வி (போடி): நெட் இல்லாத நேரத்து அளவுகள் என்னவாகும்?

பதில்: சேமித்து வைத்துப் பிறகு அனுப்பலாம். இதில் நானே ஒருமுறை ஏமாந்தேன். இரவு 4 மணி நேரம் தொடர்பு அறுந்து, விடிந்ததும் எல்லா அளவுகளும் மொத்தமாக வந்து சேர்ந்தன; நானோ வந்து சேர்ந்த நேரத்தையே பதிவு நேரமாகக் கொண்டிருந்ததால், வரைபடத்தில் அத்தனை புள்ளிகளும் ஒரே செங்குத்துக் கோட்டில் ஏறி நின்றன. அளந்த நேரத்தைக் கருவியே எழுத வேண்டும். அதற்கு டிஎஸ்3231 போன்ற, தனி பேட்டரியில் ஓடும் கடிகாரச் சிப் உதவும். கருவிகள் கிளவுடுக்குச் செய்தி அனுப்பும் எம்கியூடிடி நெறிமுறையில் கியூஓஎஸ் 1 (ஒருமுறையாவது போய்ச் சேரும் வரை அனுப்பும் நிலை) வைத்தால் செய்தி தொலையாது, ஆனால் இருமுறை வரக்கூடும். ஒவ்வொரு அளவுக்கும் வரிசை எண் கொடுத்தால், ஏற்கெனவே வந்த எண்ணைக் கிளவுட் தள்ளிவிடும்.

கேள்வி (கூடலூர், தேனி): மண் ஈரம் பார்க்கும் இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கணினிச் சிப்) போர்டு, 2600 எம்ஏஎச் பேட்டரியில் 20 நாள்தான் ஓடுகிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் விழிக்கிறது.

பதில்: 20 நாள் என்பது 480 மணி, ஆகச் சராசரியாக 5.4 மில்லி ஆம்பியர் போகிறது. ஆழ்உறக்கத்தில் சிப் இழுப்பது ஏறக்குறைய 10 மைக்ரோ ஆம்பியர். ஒவ்வொரு முறையும் 5 நொடி விழித்து 120 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் சராசரி 0.7-ஐத் தாண்டாது. மிச்சத்தைத் தின்பது போர்டின் சிவப்பு எல்இடி, யூஎஸ்பி சிப், மின்னழுத்த ரெகுலேட்டர் ஆகியவை. களத்துக்கு இப்படி எல்லாம் சேர்ந்த டெவலப்மெண்ட் போர்டு வேண்டாம். வெறும் மாட்யூலை வாங்கிக் குறைந்த ஓய்வு மின்னோட்டமுள்ள ரெகுலேட்டருடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (குமுளி): லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் போகும் ரேடியோ) வாங்க உரிமம் வேண்டுமா?

பதில்: 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள், வேண்டாம். அமெரிக்காவுக்கான 915 மாட்யூலை மலிவென்று வாங்கிவிடாதீர்கள். படம் அனுப்ப லோரா ஆகாது.

கேள்வி (போடி): 40 கருவிக்கும் ஒரே கடவுச்சொல் போதாதா?

பதில்: போதாது. ஒன்று களவு போனால் நாற்பதையும் மலையேறிப் போய்க் கழற்ற வேண்டிவரும். ஒவ்வொரு கருவிக்கும் தனியாக ஒரு டிஜிட்டல் சான்றிதழ் கொடுங்கள். தொலைந்ததை மட்டும் கிளவுடில் ரத்து செய்துவிடலாம்.