கெர்னல் சொல்வதைப் புரிந்துகொள்ள: லாக் செய்திகள் பற்றிய வாசகர் கேள்விகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பதிவு செய்யும் லாக் செய்திகளைப் பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன். கடைசி இரண்டும் சிறியவை. முதல் மூன்றையும் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

டிமெஸ்க்கில் (கெர்னல் லாக்கைக் காட்டும் கட்டளை) "யுஎஸ்பி 1-2: டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -71" என்று வருகிறது. இதை அப்படியே மூலநிரலில் தேடினால் எதுவும் கிடைக்கவில்லை. ஏன்? (சர்வர் நிர்வாகி ஒருவர்)

அப்படியே தேடினால் கிடைக்காது. நீங்கள் பார்ப்பது ஒரே வரிதான் என்றாலும், அது துண்டு துண்டாக வந்து ஒட்டிக்கொண்டது. "யுஎஸ்பி 1-2:" என்ற முன்னொட்டை, பிழைச் செய்தியை அச்சிடும் டெவ்_எர் என்ற மேக்ரோ தானாகச் சேர்க்கிறது. முதல் யுஎஸ்பி பஸ்ஸின் (சாதனங்களை இணைக்கும் தடம்) இரண்டாவது போர்ட்டில் உள்ள சாதனம் என்று அதற்குப் பொருள். கடைசியில் வரும் -71 இயங்கும் நேரத்தில் நிரப்பப்பட்ட எண். நிரலை எழுதியவர் கையால் தட்டச்சு செய்தது நடுவில் உள்ள சொற்களை மட்டும்தான். எனவே முன்னொட்டையும் எண்களையும் உதறிவிட்டு "டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்" என்ற சொற்களைக் கிட் கிரெப்பில் (மூலநிரலில் சொற்களைத் தேடும் கட்டளை) கொடுங்கள். யுஎஸ்பி கோர் அடைவில் உள்ள ஹப்.சி கோப்பில் போய் நிற்பீர்கள்.

-71 என்பது ஈப்ரோட்டோ, அதாவது நெறிமுறைப் பிழை. கெர்னல் ஆவணங்களில் யுஎஸ்பி பிழை எண்களுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. சாதனம் உரிய நேரத்தில் பதில் அனுப்பாததும் இந்த எண்ணுக்குள் அடங்கும் என்று அந்தப் பக்கம் சொல்கிறது. நிரலைத் திருத்தக் கிளம்புமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

தேடல் தோற்க இன்னொரு காரணமும் உண்டு. செய்திச் சரத்தை இரண்டு வரிகளாக உடைத்து எழுதியிருந்தால் கிரெப்பின் கண்ணில் படாது. அப்படி உடைந்து கிடந்த ஒரு செய்தியைத் தேடி ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். பயனர் பார்க்கும் சரங்களை, வரி நீண்டு போனாலும், உடைக்கக் கூடாது என்று கெர்னலின் எழுத்து நடை விதிகளே சொல்கின்றன. தேடுபவருக்காகவே வைத்த விதி அது.

கெர்னலை மேம்படுத்தும்போதெல்லாம் எங்கள் எச்சரிக்கை விதிகளில் (லாக்கில் குறிப்பிட்ட சொற்கள் வந்தால் எச்சரிப்பவை) சில சத்தமில்லாமல் செத்துவிடுகின்றன. கெர்னலில் உள்ள எல்லாச் செய்திகளையும் பட்டியலாக எடுக்க வழி உண்டா? (கண்காணிப்புக் குழுவில் பணியாற்றுபவர்)

உண்டு. 2021இல் வெளியான 5.15 பதிப்பிலிருந்து பிரின்ட்கே இண்டெக்ஸ் என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கிக் கெர்னலைக் கட்டமைத்தால், டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் உள்விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) பிரின்ட்கே அடைவுக்குள் இண்டெக்ஸ் என்ற அடைவு தோன்றும். கெர்னலுக்கு ஒரு கோப்பு, ஏற்றப்பட்ட ஒவ்வொரு மாட்யூலுக்கும் (கெர்னலோடு தனியே சேரும் பகுதி) ஒரு கோப்பு. ஒவ்வொரு வரியிலும் செய்தியின் தீவிர நிலை, மூலக் கோப்பு, வரி எண், செயற்கூறின் பெயர், எண்கள் நிரப்பப்படாத மூலச் சரம் ஆகியவை இருக்கும். பழைய கெர்னலின் பட்டியலையும் புதியதன் பட்டியலையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டால், உங்கள் விதி நம்பியிருந்த சரம் மாறியதா, நீங்கியதா என்று மேம்படுத்தும் முன்பே தெரிந்துவிடும்.

நினைவகம் தீர்ந்தபோது வரும் செய்தியையே பாருங்கள். பழைய கெர்னல்களில் "அவுட் ஆஃப் மெமரி: கில் ப்ராசஸ்" என்று தொடங்கி "ஆர் சாக்ரிஃபைஸ் சைல்டு" என்று முடிந்தது. பெற்ற செயல்முறைக்குப் பதில் அதன் பிள்ளையைக் கொல்லும் வழக்கத்தை நீக்கியபோது அந்த வால் போய், "கில்டு ப்ராசஸ்" என்று ஆனது. மாற்றம் சரியானதுதான். ஆனால் "கில் ப்ராசஸ்" என்ற சொற்களை அப்படியே தேடிய விதி அன்றோடு ஊமையாகியிருக்கும். கெர்னல் செய்திகளின் வாசகம் நிலையாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் வேலைதான்.

நாங்கள் எழுதும் டிரைவரின் செய்திகளை ஆவணப்படுத்தச் சொல்கிறார்கள். தனிக் கோப்பாக எழுதலாமா? (டிரைவர் எழுதும் பொறியாளர்)

தனிக் கோப்பு வேண்டாம். ஆறு மாதத்தில் நிரல் ஒரு பக்கம், ஆவணம் ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

இந்த வேலையில் மெயின்ஃப்ரேம்காரர்கள் நமக்கு மூத்தவர்கள். ஐபிஎம்மின் மெயின்ஃப்ரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் ஐஇஎஃப்403ஐ என்ற செய்தி, ஒரு வேலை தொடங்கியதைச் சொல்கிறது. முதல் மூன்று எழுத்துகள் அது எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதைக் காட்டும். கடைசி எழுத்து, இது வெறும் தகவல் என்கிறது. அந்த அடையாளத்தை வைத்துக் கையேட்டைப் புரட்டினால் விளக்கமும், இயக்குபவர் செய்ய வேண்டியதும் கிடைக்கும். அதே பழக்கத்தை லினக்ஸுக்குக் கொண்டுவர, ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களுக்கான லினக்ஸைக் கவனிக்கும் எஸ்390 குழுவினர் முயன்றார்கள். ஒவ்வொரு செய்திக்கும் தீவிரம், அளவுருக்களின் பொருள், பயனர் செய்ய வேண்டியது ஆகியவற்றை மூலநிரலிலேயே குறிப்பாக எழுதுவது அவர்கள் முறை. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வேறு வழியில் போனது. அதில் ஒரு செய்திக்கு 128 பிட் அடையாள எண் தரலாம். அதன் லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையை எக்ஸ் விருப்பத்தோடு இயக்கினால், அதற்குரிய விளக்கம் செய்தியின் கீழேயே வரும்.

உங்கள் டிரைவருக்கு நான் சொல்வது இதுதான்: செய்தியை அச்சிடும் வரிக்கு நேர் மேலே குறிப்பை எழுதுங்கள். "பஃபர் நிறைந்தது, 12 ஃபிரேம்கள் கைவிடப்பட்டன" என்ற செய்தி என்றால் இப்படி: "பயனர் நிரல் வாசிப்பதைவிட வேகமாகத் தரவு வந்தால் தோன்றும். எண், கடந்த செய்திக்குப் பிறகு இழந்த ஃபிரேம்கள். எப்போதாவது வந்தால் விட்டுவிடலாம். தொடர்ந்து வந்தால் பஃபரைப் பெரிதாக்கவும்." எப்போது, எண் என்ன, என்ன செய்வது என்ற மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. செய்தியை மாற்றும் அதே பேட்ச்சில் (நிரல் திருத்தத்தில்) குறிப்பும் மாறியிருக்கிறதா என்று மதிப்பாய்வில் பாருங்கள். மாறாத பேட்ச்சைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

கெர்னல் செய்திகளுக்கான எட்டு தீவிர நிலைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழப்பமாக இருக்கிறது. (கல்லூரி மாணவி)

0 முதல் 7 வரை, எண் குறையக் குறைய ஆபத்து கூடும். யாராவது ஏதாவது செய்தாக வேண்டுமென்றால் 3, அதாவது எரர். வழக்கத்துக்கு மாறானது, ஆனால் வேலை நடக்கிறது என்றால் 4, வார்னிங். டிரைவர் ஏறிவிட்டது என்பதைப் பெருமையாக இன்ஃபோவில் அறிவிக்கத் தேவையில்லை. டீபக் நிலையே போதும்.

"23 கால்பேக்ஸ் சப்ரஸ்டு" என்றால் என் கால்பேக்குகளைக் கெர்னல் நிறுத்திவிட்டதா? (அதே மாணவி)

இல்லை. ஒரே இடத்திலிருந்து செய்திகள் கொட்டியதால் அவற்றில் 23 அச்சாகவில்லை என்று பொருள். இயல்பான வரம்பு 5 விநாடிக்கு 10 செய்திகள். அந்த வரியின் தொடக்கத்தில் உள்ள பெயர் பெரும்பாலும் செய்தியை அச்சிட்ட செயற்கூறின் பெயர்தான். மூலநிரலில் அதையே தேடுங்கள்.