சாண்டோரினிக்கு மூன்று நாள்: சர்க்கரையும் மூட்டுவலியும் உள்ளவர்கள் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 63. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் 1000 மி.கி. இரண்டு வேளை, காலையில் கிளைமிபிரைடு 2 மி.கி., டாபாகிளிஃப்லோசின் 10 மி.கி., ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்த மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.6. இரவில் பாதம் எரிகிறது. மனைவிக்கு 58. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வலி வந்தால் அசிக்ளோஃபெனாக் போட்டுக்கொள்வார். அவருக்கும் டெல்மிசார்ட்டான் உண்டு. கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுப்பார். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் ஆகஸ்ட் முதல் வாரத்தில் எங்களைக் கிரேக்கத்தின் சாண்டோரினி தீவுக்கு மூன்று இரவு அழைத்துப்போகிறான். ஏதென்ஸிலிருந்து அதிவேகப் படகு. முதல் நாள் தீவின் முக்கிய ஊரான ஃபீராவின் பழைய துறைமுகத்துக்குப் படியிறங்கி ஏறுவது. இரண்டாம் நாள் ஃபீராவிலிருந்து தீவின் வடமுனை ஊரான ஓயாவுக்கு நடை. மூன்றாம் நாள் எரிமலைத் தீவும் வெந்நீர் ஊற்றும். போகலாமா? என்ன மருந்து எடுத்துப்போக வேண்டும்?
- வாசகர், திருச்சி

பதில்: தாராளமாகப் போகலாம். உங்கள் நோய்கள் எதுவும் இந்தப் பயணத்துக்குத் தடையில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் திட்டம் இப்படியே இருக்கக் கூடாது. அந்தத் தீவின் அழகு முழுவதும் எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தின் செங்குத்தான விளிம்பில் இருக்கிறது. ஊரே படிக்கட்டில்தான் தொங்குகிறது. அதோடு ஆகஸ்ட் வெயிலும் கடல் காற்றும் சேரும்போது, உங்கள் மாத்திரைகள் உங்களுக்கே எதிராக வேலை செய்யக்கூடும். மகனுக்கு விடுமுறையை மாற்ற முடியுமானால், செப்டம்பர் பின்பாதிக்கு மாற்றச் சொல்லுங்கள். வெயில் தணிந்திருக்கும், கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும், கூட்டமும் குறையும். நான் சொல்லப்போகும் பாதிச் சங்கடம் அந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடும். முடியாது என்றால் மேலே படியுங்கள்.

முதலில் படிகள். ஃபீராவிலிருந்து பழைய துறைமுகத்துக்குச் சுமார் 220 மீட்டர் இறக்கம், 580க்கும் மேற்பட்ட படிகள். ஏறுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தேய்ந்த முழங்காலுக்கு இறங்குவதுதான் கொடுமை: ஒவ்வொரு படி இறங்கும்போதும் மூட்டின் மேல் விழும் சுமை உடல் எடையைப் போல மூன்று மடங்கைத் தாண்டும். போதாததற்கு அந்தக் கற்கள் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். கழுதைகள் போய்வரும் பாதை என்பதால் சாணமும் கிடக்கும். கழுதை மேல் ஏறிப் போகலாமே என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நெரிசலில் அவை சுவரோரம் உரசிக்கொண்டு போகும், விழுந்தால் இடுப்பெலும்பு போகும். அந்த விலங்குகளும் பாவம். படகு ஏறக் கீழே போயே ஆகவேண்டும் என்றால் கேபிள் கார் இருக்கிறது. சில நிமிடங்களில் இறக்கிவிடும். பெரிய சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கும் நாளில் அதற்கும் நீண்ட வரிசை நிற்கும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

தங்கும் இடம் இதைவிட முக்கியம். பள்ளத்தைப் பார்த்த அறைகள் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அறைக்குப் போகவே 60, 80 படி இறங்க வேண்டியிருக்கும். குளியலறைக்குப் போக மூன்று படி, காலை உணவுக்கு மறுபடி ஏறு. முன்பதிவு செய்யும் முன் விடுதிக்கு மகனை ஒரே ஒரு கேள்வி எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்: கார் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் அறைக் கட்டில்வரை மொத்தம் எத்தனை படி? எண்ணிக்கை சொல்லாமல் 'சில படிகள்தான்' என்று பதில் வந்தால் வேறு விடுதி பாருங்கள். ஃபீராவில் சாலைப் பக்கமாக உள்ள விடுதிகளும், கடற்கரையோரம் சமதரையில் இருக்கும் காமாரியும் உங்களுக்குப் பொருந்தும்.

மனைவி இன்றிலிருந்தே தொடையின் முன்தசையை வலுப்படுத்த வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் காலை ஒரு அடி உயரம் தூக்கி 5 விநாடி நிறுத்தி இறக்குவது. ஒரு காலுக்கு 10 முறை, நாளுக்கு மூன்று தடவை. அதோடு கைப்பிடி பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, 10 முறை. ஆறு வாரம் செய்தால் வித்தியாசம் தெரியும். கிளம்பும் வாரம் தொடங்கினால் வலிதான் மிஞ்சும். மடக்கும் கைத்தடி ஒன்றைப் பெட்டியில் வையுங்கள்.

இப்போது மருந்துகள். இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். டாபாகிளிஃப்லோசின் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். ரத்த அழுத்த மாத்திரையில் கலந்திருக்கும் தயசைடு உப்பையும் நீரையும் வெளியேற்றும். டெல்மிசார்ட்டான், நீர் குறையும்போது சிறுநீரகம் தன் அழுத்தத்தைக் காத்துக்கொள்ளும் வழியை அடைத்து வைத்திருக்கும். திருச்சியில் வீட்டில் இருக்கையில் இந்த மூன்றும் நல்ல மருந்துகள். நிழலே இல்லாத மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் வியர்த்தால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றும். சிலருக்குச் சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறிவிடும். தயசைடு போடுபவர்களுக்குத் தோலும் வெயிலில் சீக்கிரம் கன்றிப்போகும். எனவே கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே உங்கள் மருத்துவரைப் பார்த்து, பயணத்துக்கு மட்டும் தயசைடு இல்லாத டெல்மிசார்ட்டான் போதுமா என்று கேளுங்கள். மாற்றினால் வீட்டிலேயே இரண்டு வாரம் ரத்த அழுத்தம் பார்த்து, அது சரியாக நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ள நேரம் இருக்கும்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து சாப்பிட, குடிக்க முடியாமல் போனால், அன்று டாபாகிளிஃப்லோசின், மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டான், தயசைடு நான்கையும் நிறுத்துங்கள். கிளைமிபிரைடும் வேண்டாம்; சாப்பிடாத வயிற்றில் அது சர்க்கரையைத் தரையில் தள்ளிவிடும். வழக்கம்போலச் சாப்பிட்டு, குடிக்கத் தொடங்கி ஒரு நாள் ஆன பின் திரும்ப ஆரம்பிக்கலாம். அந்த நாட்களில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை: டாபாகிளிஃப்லோசின் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து, மீட்டரில் சர்க்கரை 180, 200 என்று இருக்கும்போதுகூட வரலாம். குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வேகமாக வாங்குவது மூன்றும் சேர்ந்தால், எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாமல் மருத்துவமனைக்குப் போய், இந்த மருந்தின் பெயரை முதலிலேயே சொல்லுங்கள்.

மனைவியின் அசிக்ளோஃபெனாக்கை ஊரிலேயே விட்டுவிடுங்கள். டெல்மிசார்ட்டானோடும் நீரிழப்போடும் அது சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு அடி. உங்களுக்கு அது அறவே கூடாது. கால்வலி என்று அவருடைய மாத்திரையில் ஒன்றை வாங்கிப் போடாதீர்கள். பாரசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளுக்கு நான்குக்கு மேல் போகாமல் கொடுக்கலாம். டைக்ளோஃபெனாக் ஜெல்லை முழங்காலில் நாளுக்கு மூன்று முறை தடவலாம். தோல் வழியாக உடம்புக்குள் போகும் அளவு குறைவு. ட்ரமடால் கலந்த வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இரண்டும் பையில் இருக்கவே கூடாது. இவை அங்கே கட்டுப்பாட்டு மருந்துகள். விமான நிலையத்தில் வீண் விசாரணை எதற்கு?

ஃபீராவிலிருந்து ஓயாவுக்கு நடை சுமார் 10 கி.மீ.; சாதாரணமாக மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். ஃபிரோஸ்தெஃபானி தாண்டி இமெரோவிக்லிவரை தளம் போட்ட பாதை. அதற்குப் பின் சரளையும் ஏற்ற இறக்கமுமாக, பெரும்பாலும் நிழலே இல்லாமல் போகும். 2024 ஜூனில் கிரேக்கத் தீவுகளில் கடும் வெயிலில் நடக்கப் போன பயணிகள் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். சிமி தீவில் இறந்த பிரிட்டிஷ் மருத்துவ ஒளிபரப்பாளர் மைக்கேல் மோஸ்லியும் அந்த மாதம் வெயிலில் தனியாக நடந்து போனவர்தான். நீங்கள் இருவரும் காலை 7 மணிக்குக் கிளம்பி இமெரோவிக்லிவரை மட்டும் நடந்து, அங்கே காலை உணவு சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். பள்ளத்தின் முழுக் காட்சியும் அதற்குள் கிடைத்துவிடும். ஓயாவுக்கு ஃபீராவிலிருந்து பஸ் இருக்கிறது, அரை மணி நேரப் பயணம். சூரியன் மறைவதைப் பார்க்க ஓயாவின் கோட்டை முனையில் கூட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உட்கார இடம் கிடைக்காது, கழிவறை கிடைக்காது. அதே சூரியன் ஃபிரோஸ்தெஃபானியிலிருந்தும் தெரியும்.

பகல் 12 முதல் 5 வரை அறையிலோ நிழலிலோ இருங்கள். ஏதென்ஸில் 2023, 2024 கோடைகளில் வெப்ப அலையின்போது அக்ரோபோலிஸையே இந்த நேரத்தில் மூடிவைத்தார்கள். வெளியே போயே தீர வேண்டும் என்றால் அக்ரோதிரி போகலாம். கி.மு. 1600 வாக்கில் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர் அது. அகழாய்வு முழுவதற்கும் மேலே கூரை போட்டிருக்கிறார்கள், நடைபாதையும் சீராக இருக்கும். நடக்கும்போது தாகத்துக்குக் காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தீவின் குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றதல்ல, பாட்டில்தான். ஓ.ஆர்.எஸ். பொடி ஆறு பாக்கெட் எடுத்துப்போங்கள். சர்க்கரை நோய்க்காரர் அதைக் குடிக்கக் கூடாது என்பது தவறான பயம்: ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. நன்றாக வியர்த்த நாளில் அரை லிட்டர் போதும். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், உடம்பு கொதித்தால் அது வெப்பத் தாக்கு. பாரசிட்டமால் அதற்கு உதவாது. நிழலில் படுக்கவைத்து, உடைமேல் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 112ஐ அழையுங்கள்.

மூன்றாம் நாள் திட்டத்தில் எரிமலைத் தீவான நேயா கமேனியில் சரளைக் கல்லில் ஏற வேண்டும். தண்ணீரோ மரமோ கிடையாது. முதல் படகில் போனால் நீங்கள் மெதுவாக ஏறலாம், மனைவி படகிலேயே இருக்கட்டும். வெந்நீர் ஊற்று என்றதும் குற்றாலம்போல் போய் நிற்கலாம் என்று நினைக்காதீர்கள். படகு கொஞ்சம் தள்ளி நிற்கும். ஆழக் கடலில் குதித்து நீந்திப் போக வேண்டும். தண்ணீரும் வெதுவெதுப்புதான். நன்றாக நீந்தத் தெரியாதவர்கள் இறங்க வேண்டாம்.

உங்கள் பாத எரிச்சல் நரம்பு பாதிப்பின் அடையாளம். காமாரி, பெரிஸ்ஸா கடற்கரைகளில் மணலும் கூழாங்கல்லும் கறுப்பு. ஆகஸ்ட் மதியத்தில் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடேறும். உணர்ச்சி மங்கிய காலுக்குச் சுட்டதே தெரியாது, சாயங்காலம் கொப்புளம் பார்த்துத்தான் தெரியும். எனவே கடலுக்குள்ளும் ரப்பர் ஷூவோடுதான் இறங்க வேண்டும். பாறைகளில் கடல் முள்ளெலியும் இருக்கும். நடைக்கு, ஏற்கனவே ஒரு மாதம் போட்டுப் பழகிய ஷூ. இந்தப் பயணத்துக்கென்று புது ஷூ வாங்காதீர்கள். தினமும் இரவு மனைவி உங்கள் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.

கடல் பயணம் பற்றி: ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்தெமி என்னும் வடகாற்று அடிக்கும். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து அதிவேகப் படகு சுமார் ஐந்து மணி நேரம். பெரிய கப்பல் எட்டு மணி நேரம் வரை ஆகும், ஆனால் ஆட்டம் குறைவு. மனைவிக்கு நான் சொல்வது விமானம்: ஏதென்ஸிலிருந்து முக்கால் மணி நேரம். கப்பல்தான் என்றால், பெரிய கப்பலில் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் இருக்கை. பயணக் குமட்டலைத் தடுக்கும் மெக்லிசின் 25 மி.கி. ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் போட்டால் பயனில்லை. தூக்கம் வரும் என்பதால் ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். கண் அழுத்த நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. வாந்திக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான் கடல் குமட்டலுக்கு அவ்வளவாக உதவாது. சாண்டோரினியின் அத்தினியோஸ் துறைமுகத்தில் இறங்கியதும் கொண்டை ஊசி வளைவுகளில் மேலே ஏற வேண்டும். அதுவரை மருந்தின் வேலை நீடிக்கும்.

சாப்பாட்டில் ஒரு சிக்கல் நேரம். அங்கே இரவு உணவு 9 மணிக்குத்தான் சூடுபிடிக்கும். கிளைமிபிரைடு போட்டு நடந்து களைத்த நாளில் அதுவரை காத்திருக்கக் கூடாது. மாலை 5 மணிக்கு ஒரு துண்டு ரொட்டியும் தயிரும் சாப்பிடுங்கள். நடைக்கு முன் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கைநடுக்கம், வியர்வை, 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. உள்ளூர் ஃபாவா என்பது பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவது. உங்கள் இருவருக்கும் நல்லது. ஃபெட்டா சீஸில் உப்பு அதிகம், அளவோடு. தீவின் இனிப்பு ஒயினான வின்சான்டோ உங்களுக்கு வேண்டாம்: முதலில் சர்க்கரையை ஏற்றும், நள்ளிரவில் கிளைமிபிரைடோடு சேர்ந்து இறக்கும்.

நேர வித்தியாசம் கோடையில் இரண்டரை மணி நேரம்தான். மாத்திரைகளை அங்குள்ள காலை, இரவு உணவோடு எடுத்தால் போதும். எல்லா மருந்தும் அட்டையோடு, கைப்பையில், தேவைக்கு ஒரு வாரம் கூடுதலாக. மருந்தின் மூலப்பெயர் எழுதிய ஆங்கிலச் சீட்டோடு. பலத்த காற்றில் கப்பல் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால், தீவிலிருந்து திரும்பும் நாளுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் இடையே ஏதென்ஸில் ஒரு இரவாவது இருக்கட்டும். கிரேக்கம் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். தொகையை மட்டும் பார்க்காமல், ஏற்கனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்தால் வரும் சிக்கலுக்கும் பணம் தருமா என்று எழுத்தில் வாங்குங்கள். தீவில் கார்த்தெராதோஸில் பொது மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சைக்குத் தீவுக்கு வெளியே விமானத்தில்தான் கொண்டுபோவார்கள், அந்தச் செலவும் காப்பீட்டில் அடங்க வேண்டும்.

கிளம்பும் முன் கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் அல்புமின், ஈ.சி.ஜி., பாத உணர்ச்சிப் பரிசோதனை இவற்றை முடித்துவிடுங்கள். படி ஏறும்போது இதுவரை இல்லாத மூச்சுத்திணறலோ நெஞ்சில் அழுத்தமோ இருந்தால், டிக்கெட் போடும் முன் இதய மருத்துவரைப் பாருங்கள். 14 ஆண்டு சர்க்கரையில் மாரடைப்பு வலியில்லாமலும் வரும்.